பல்கலைக்கழகக் கறவை மந்தையும் மாணவர் மாட்டுக் கண்காட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால் உற்பத்தியாளர் கூட்டங்களிலும் கால்நடை மருத்துவ மாணவர்களிடையிலும் பால்வளத்தின் வரலாற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வளர்த்த கறவை மந்தைகளைப் பற்றியும் அங்கு மாணவர்கள் நடத்தும் மாட்டுக் கண்காட்சிகளைப் பற்றியும் ஏறக்குறைய ஒரே ஐயங்கள் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, விடைகளுடன் கீழே தந்திருக்கிறேன். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாக மந்தையையே முதன்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். தேவைப்பட்ட இடங்களில் பிற பல்கலைக்கழகங்களும் வருகின்றன.

பல்கலைக்கழகத்துக்கு எதற்கு மாடு? புத்தகத்தில் படித்தால் போதாதா?

1862 ஜூலை 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட மொரில் சட்டத்திலிருந்து இதைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும், அதற்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் உள்ள உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் அரசு நிலம் ஒதுக்கி, அதை விற்று வரும் பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை நடத்த அந்தச் சட்டம் வழிவகுத்தது. கல்லூரிகள் எழுந்தன, ஆனால் கற்பிக்கப் பொருள் இல்லை. வேதியியலும் தாவரவியலும் தெரிந்த பேராசிரியர்கள் இருந்தார்களே தவிர, எந்தத் தீவனம் எவ்வளவு பாலாக மாறும் என்பதைச் சோதித்துச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. விவசாயிகளும் இந்தப் படிப்பை ஏட்டுச் சுரைக்காய் என்றே ஒதுக்கினார்கள்.

1887இல் வந்த ஹேட்ச் சட்டம் இந்தக் குறையை நிரப்பியது. மாநிலம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 15,000 டாலர் தந்து, கல்லூரியோடு இணைந்த வேளாண் ஆய்வு நிலையங்களை அது உருவாக்கியது. அதன்பின் மந்தைக்கு இரண்டு வேலைகள் அமைந்தன. காலையில் அது மாணவர்கள் கைவைத்துப் பழகும் மந்தை. அதே மாடுகள் அன்றைக்கே தீவனச் சோதனைக்கும் பால் சோதனைக்கும் உட்படும் மந்தை. கண்ணாலும் கையாலும் மாட்டை அறிவது ஒன்று, அளந்தும் நிறுத்தும் அறிவது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் இடையில் ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவரும் இழுபறியைத்தான் இந்த மந்தைகளின் வரலாறாக நான் காண்கிறேன்.

எத்தனையோ பல்கலைக்கழகம் இருக்கும்போது ஏன் விஸ்கான்சினையே சொல்கிறீர்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விஸ்கான்சின் கோதுமை விளைந்த மாநிலம். ஆண்டுதோறும் அதே பயிரைப் போட்டதில் மண் வளம் குன்றியது. பூச்சித் தாக்குதலும் சேர்ந்துகொண்டது. மாற்று வழி தேடிய விவசாயிகளைப் பால் பக்கம் திருப்பியவர்களில் முதன்மையானவர் வில்லியம் டெம்ப்ஸ்டர் ஹோர்டு. 1872இல் தொடங்கிய விஸ்கான்சின் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரும், 1885 முதல் பால் விவசாயிகளுக்கென்றே ஓர் இதழ் நடத்தியவருமான அவர், பின்னர் மாநில ஆளுநராகவும் ஆனார்.

1880இல் பல்கலைக்கழகத்துக்கு வந்த வில்லியம் ஹென்றி, வேளாண் கல்வியை வகுப்பறையிலிருந்து கொட்டிலுக்குக் கொண்டுவந்தவர். பண்ணை வேலை குறைந்திருக்கும் குளிர்கால வாரங்களில் விவசாயிகளின் பிள்ளைகள் வந்து படிக்கும் குறுகிய காலப் பயிற்சியை 1880களின் நடுவில் தொடங்கினார். 1890இல் வெண்ணெய், பாலாடைக்கட்டி தயாரிப்புக்கென்றே தனிப் பயிற்சி வந்தது. பால் தொழிலுக்கென்று அமெரிக்காவில் தொடங்கிய முதல் பள்ளி அதுதான் என்று கருதப்படுகிறது.

மந்தையில் என்னென்ன மாடுகள் இருந்தன? எல்லாமே உயர்சாதி மாடுகளா?

ஹோல்ஸ்டீன், ஜெர்சி, குர்ன்சி, அயர்ஷயர், பிரவுன் சுவிஸ், கறவை ஷார்ட்ஹார்ன் ஆகிய இனங்களை இயன்ற அளவு எல்லாக் கல்லூரிகளும் வைத்திருந்தன. ஒரே கொட்டிலில் பல இனங்களை அருகருகே நிறுத்தி மாணவர்களுக்கு வேறுபாட்டைக் காட்டுவதே நோக்கம். பாலை மட்டும் கருதியிருந்தால் ஓரினமே போதும்; மேலாண்மையும் எளிது.

ஆனால் வேண்டுமென்றே மட்டமான மாடுகளை வாங்கிய கல்லூரியும் உண்டு. அயோவா மாநிலக் கல்லூரி, எந்த இனத்திலும் சேராத, குறைவாகக் கறக்கும் நாட்டுப் பசுக்களை வாங்கிவந்து, அவற்றைத் தூய இனக் காளைகளோடு சேர்த்து, மகள், பேத்தி என்று தலைமுறை தலைமுறையாகப் பாலை நிறுத்துப் பார்த்தது. நல்ல காளை ஒன்றே சாதாரண விவசாயியின் மந்தையை எவ்வளவு உயர்த்தும் என்பதை இந்தச் சோதனையின் எண்கள் காட்டின. விலை உயர்ந்த பசுக்களை வாங்க வசதியற்றவருக்கு, ஊருக்கு ஒரு நல்ல காளை போதும் என்ற நம்பிக்கையைத் தந்த சோதனை இது. எந்தப் பரிசு மாட்டையும்விட இந்த மட்டமான பசுக்களையே கல்லூரி மந்தைகளின் பெருமையாக நான் கருதுகிறேன்.

பாப்காக் சோதனை, பாப்காக் சோதனை என்கிறார்களே, அது என்ன?

1890க்கு முன் வெண்ணெய்க் கூடங்களிலும் பாலாடைக்கட்டிக் கூடங்களிலும் பாலை எடை பார்த்தே வாங்கினார்கள். தண்ணீர் கலந்தவருக்கும், மேலாடையை எடுத்துவிட்டு ஊற்றியவருக்கும், கெட்டியான பால் ஊற்றியவருக்கும் ஒரே விலை. கொழுப்புச் சத்தை அளக்க ஆய்வக முறைகள் இருந்தன; ஆனால் அவற்றுக்கு வேதியியலாளரும் நெடுநேரமும் தேவைப்பட்டன. நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஆய்வு நிலையத்திலிருந்து 1888இல் விஸ்கான்சினுக்கு வந்த ஸ்டீபன் பாப்காக், கூடத்தில் வேலை செய்யும் எவரும் சில நிமிடங்களில் செய்யக்கூடிய ஒரு முறையை 1890 ஜூலையில் வெளியிட்டார்.

செய்முறை இதுதான். நீண்ட கழுத்துள்ள கண்ணாடிக் குப்பியில் 17.6 மில்லிலிட்டர் பாலை, அதாவது 18 கிராம் பாலை, உறிஞ்சு குழாயால் அளந்து விட வேண்டும். ஏறக்குறைய அதே அளவு அடர் கந்தக அமிலத்தைக் குப்பியின் உட்சுவரை ஒட்டி மெல்ல ஊற்றிக் குலுக்கினால், குப்பி கைசுடும் அளவுக்குச் சூடேறிப் பால் கரும்பழுப்பாக மாறும். அமிலம் புரதத்தைக் கரைத்துவிடும். கொழுப்பை மட்டும் விட்டுவைக்கும். பிறகு குப்பிகளைச் சுழல் இயந்திரத்தில் வைத்துச் சுற்றி, வெந்நீர் சேர்த்து மீண்டும் சுற்றினால், பொன்னிறக் கொழுப்பு மேலெழுந்து கோடிட்ட கழுத்துக்குள் ஏறி நிற்கும். அது எத்தனை கோட்டளவு நிற்கிறதோ அத்தனை சதவீதம் கொழுப்பு.

மந்தையின் பசு ஒவ்வொன்றின் பாலிலும் பாப்காக் இதைச் சோதித்தார் என்றும், ஒரே ஒரு பசுவின் பாலில் மட்டும் அளவு சரிவராததால் அதுவும் சரியாகும்வரை முறையை வெளியிட மறுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. பல்கலைக்கழகத்துக்கு ஏன் மாடு என்ற முதல் கேள்விக்கு இதையும் விடையாகக் கொள்ளலாம். பால் வாங்கிச் சோதிக்கலாம். ஆனால் முரண்டுபிடிக்கும் ஒரு பசுவின் பாலை மீண்டும் மீண்டும் பெற, அந்தப் பசு அருகில் இருக்க வேண்டும்.

நம்ம ஊர் பால் சொசைட்டியில் செய்வதும் இதேதானா?

தத்துவம் ஒன்று, முறை வேறு. சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் ஏறக்குறைய அதே காலத்தில் உருவாக்கிய கெர்பர் முறையே இந்தியாவில் பரவலாயிற்று. அதிலும் கந்தக அமிலமும் சுழல் இயந்திரமும் உண்டு. கூடவே அமைல் ஆல்கஹாலும் சேர்க்கப்படும். இன்று பெரும்பாலான சங்கங்களில் மின்னணுக் கருவி அந்த வேலையைச் செய்கிறது. ஆயினும் பாலின் அளவோடு சத்துக்கும் சேர்த்து விலை தர வேண்டும் என்ற நியாயம் அன்று நிலைபெற்றதுதான்.

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கிப் பெரும் பணக்காரர் ஆகியிருப்பாரே?

அவர் காப்புரிமை கோரவில்லை. பொதுப் பணத்தில் செய்த ஆய்வு பொதுமக்களுக்கே உரியது என்பது அவர் நிலைப்பாடு. எவரும் கருவியைச் செய்து விற்கலாம் என்று இருந்ததால்தான் சோதனை சில ஆண்டுகளுக்குள் நாடு முழுவதும் பரவியது. பாப்காக் 1931இல் மறைந்தார்.

ஒரே தானியத்தைக் கொடுத்து மாடுகளைக் கொன்றார்கள் என்று படித்தேன். அது எதற்கு?

கொல்வதற்காகச் செய்யவில்லை, ஆனால் கன்றுகள் இறந்தது உண்மை. அந்தக் காலத்தில் தீவனத்தின் தரத்தைப் புரதம், மாவுச்சத்து, கொழுப்பு, சாம்பல் என்று வேதியியல் பகுப்பாய்வால் கணக்கிட்டார்கள். கணக்கு ஒத்துவந்தால் எந்தத் தீவனமும் ஒன்றே என்பது கொள்கை. பாப்காக் இதை நம்பவில்லை. அவருடைய நெடுநாள் வற்புறுத்தலின் பேரில் 1907இல் தொடங்கிய சோதனையை எட்வின் ஹார்ட், ஜார்ஜ் ஹம்ஃப்ரி, எல்மர் மெக்காலம், ஹாரி ஸ்டீன்பாக் ஆகியோர் நடத்தினார்கள். 16 கிடேரிகளை நான்கு நான்காகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மக்காச்சோளச் செடியின் தானியமும் தட்டையும், ஒன்றுக்குக் கோதுமை, ஒன்றுக்கு ஓட்ஸ், நான்காவதற்கு மூன்றும் கலந்து கொடுத்தார்கள். பகுப்பாய்வுக் கணக்கில் நான்கு தீவனங்களும் சமம்.

கொட்டிலுக்குள் வந்து பார்த்தவருக்குக் கணக்கு தேவைப்படவில்லை. மக்காச்சோளம் தின்ற கிடேரிகள் பளபளத்த மயிரோடு திரண்டு நின்றன. குறைமாதமின்றிக் கன்று ஈன்றன. கன்றுகள் எழுந்து நின்று ஊட்டின. கோதுமைப் பிரிவின் கிடேரிகள் மயிர் சிலிர்த்து வயிறு ஒட்டிப்போயின. சிலவற்றுக்குப் பார்வை கெட்டது. கன்றுகள் நாள் நிறையுமுன் பிறந்து, இறந்தே வந்தன அல்லது சில மணி நேரத்தில் இறந்தன. ஓட்ஸ் பிரிவு இரண்டுக்கும் இடைப்பட்டு நின்றது. 1911இல் முடிவுகள் வெளியாயின. வேதியியல் கணக்குக்குள் சிக்காத ஏதோ ஒன்று தீவனத்தில் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. அந்த ஏதோ ஒன்றில் முக்கியமானது உயிர்ச்சத்து ஏ என்பதும், கோதுமை வைக்கோலில் சுண்ணாம்புச் சத்தின் குறைவும் சேர்ந்துகொண்டது என்பதும் பின்னர் விளங்கின.

மாட்டை வைத்து இந்தப் பொருளைத் தேடினால் ஆயுள் போதாது என்று உணர்ந்த மெக்காலம், சிகாகோவில் ஒரு வணிகரிடம் வெள்ளெலிகளைச் சொந்தப் பணத்தில் வாங்கிவந்து சோதித்தார். வெண்ணெய்க் கொழுப்பிலும் முட்டை மஞ்சள் கருவிலும் உள்ள வளர்ச்சிக் காரணியை அவரும் மார்கரீட் டேவிஸும் 1913இல் அறிவித்தார்கள். பிற்காலத்தில் உயிர்ச்சத்து ஏ என்று பெயர் பெற்றது அதுவே. தராசும் பகுப்பாய்வும் சமம் என்று சொன்னதைப் பசுவின் உடல் மறுத்த நிகழ்ச்சி இது. இதன் முழுக் கனத்தையும் உணராமல் இந்த மந்தையின் வரலாற்றைப் படிக்க இயலாது.

அந்தக் கொட்டில் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 1897-98இல் கட்டப்பட்ட அந்தக் கொட்டிலும் அதனோடு ஒட்டிய உருளை வடிவத் தீவனக் கிடங்கும் மேடிசன் வளாகத்தில் நிற்கின்றன. மேற்சொன்ன சோதனை நடந்த இடம் என்ற சிறப்பால் 2005இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

சரி, இதில் மாணவர் கண்காட்சி எங்கிருந்து வந்தது?

சிகாகோவின் பெரிய கால்நடைச் சந்தை வளாகத்தில் 1900இல் சர்வதேசக் கால்நடைக் கண்காட்சி தொடங்கியது. நாட்டின் சிறந்த மாடுகளும் குதிரைகளும் ஆடுகளும் அங்கே கூடின. கல்லூரி மாணவர்களுக்கான மாடு மதிப்பிடும் போட்டியும் அங்கே நடந்தது. அதைப் பார்த்துத் திரும்பிய மாணவர்கள், அதன் சிறு வடிவத்தைத் தங்கள் கல்லூரி மாடுகளை வைத்துத் தங்கள் வளாகத்திலேயே நடத்தினார்கள். பல பல்கலைக்கழகங்களில் இந்தக் கண்காட்சியின் பெயர் 'லிட்டில் இன்டர்நேஷனல்' என்றிருப்பது இதனால்தான். தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கண்காட்சி 1921இல் தொடங்கி, மாணவர்களாலேயே இன்றும் நடத்தப்படுகிறது. சிகாகோக் கண்காட்சியோ 1975உடன் நின்றுபோயிற்று.

இதையொட்டியே மாணவர் கழகங்களும் வளர்ந்தன. அயோவா, கான்சஸ், மிசௌரி, நெப்ராஸ்கா ஆகிய நான்கு மாநிலக் கல்லூரி மாணவர்கள் 1919 டிசம்பரில், அதே சிகாகோக் கண்காட்சிக் காலத்தில் கூடி, 'பிளாக் அண்டு பிரைடில்' என்ற தேசிய மாணவர் கழகத்தை அமைத்தார்கள்.

மாணவர்களிடம் சொந்த மாடு இருக்காதே, போட்டி எப்படி?

மாடு பல்கலைக்கழகத்துடையது, உழைப்பு மாணவருடையது. கண்காட்சிக்குச் சில வாரங்களுக்கு முன் மந்தையின் கிடேரிகளும் பசுக்களும் பட்டியலிடப்படும். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவருக்கு முரட்டுக் கிடேரி வாய்க்கலாம். நகரத்திலிருந்து வந்து மாட்டைத் தொட்டே அறியாதவருக்குச் சாதுவான பசு வாய்க்கலாம். பணம் உள்ளவர் நல்ல மாட்டை வாங்கிவந்து வெல்லும் வழியை அடைத்துவிடும் இந்த ஏற்பாட்டைவிட நேர்மையான போட்டி முறையை நான் கண்டதில்லை.

அதன்பின் நாள்தோறும் வகுப்புக்கு முன்பும் பின்பும் கொட்டிலில் வேலை இருக்கும். முதலில் தலைக்கயிற்றுக்குப் பழக்க வேண்டும். கட்டி நிறுத்தி, பிறகு நாலடி நடத்தி, நின்றால் நிற்கவும் நடந்தால் நடக்கவும் வைக்க வேண்டும். குளம்பைச் சில வாரங்களுக்கு முன்பே சீவிவிட வேண்டும். கடைசி நாளில் சீவினால் மாடு நொண்டும். குளிப்பாட்டித் தேய்த்து, தலை, கழுத்து, வயிறு, மடி ஆகிய இடங்களில் மயிரை ஒட்டக் கத்தரித்து, மடியின் நரம்புகள் தெரியும்படி செய்வார்கள். முதுகுத் தண்டின் மேல் உள்ள மயிரை மட்டும் நிமிர்த்தி, நேர்கோடு தெரிய அளவாக வெட்டுவார்கள். திடலில் மாணவர் வெள்ளை உடையில், மாட்டின் இடப்பக்கம் நின்று, அதன் முகத்தைப் பார்த்தபடி பின்னோக்கி மெல்ல நடப்பார். நடுவர் நிற்கச் சொன்னதும், மடியின் முன்பகுதியும் பின்பகுதியும் தெரியுமாறு பின்னங்கால்களை முன்பின்னாக நிறுத்த வேண்டும். ஒரு கண் மாட்டின் மேல், ஒரு கண் நடுவர் மேல்.

பரிசு மாட்டுக்கா, மாணவருக்கா?

கண்காட்சிகளில் இரண்டு வகைப் போட்டி உண்டு. ஒன்றில் மாட்டின் உடலமைப்பை மதிப்பிடுவார்கள். மற்றொன்றில் மாட்டைத் தயார் செய்து நடத்திக் காட்டும் திறமையை மதிப்பிடுவார்கள். மாணவர் கண்காட்சியின் உயிர் இரண்டாவதில்தான் இருக்கிறது, ஏனெனில் முந்தைய விடையில் சொன்னபடி மாடு சீட்டில் வந்தது.

உடலமைப்புக்கு மதிப்பெண் அட்டை உண்டு. தொடக்கத்தில் இனத்துக்கு ஓர் அட்டையாக இருந்ததை, தூய இனச் சங்கங்கள் கூடி 1943இல் பொது அட்டையாக்கின. அது பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. இன்றைய அட்டையில் 100க்கு மடிக்கு 40, கறவை வலிமைக்கு 25, பின்னங்கால்களுக்கும் குளம்புகளுக்கும் 20, உடற்கூட்டுக்கு 15.

மாடு மதிப்பிடும் போட்டி என்றால் சுழி பார்ப்பது மாதிரியா?

நம் சந்தைகளில் பல்லைப் பிடித்து வயதையும், சுழியைப் பார்த்து ராசியையும், திமிலையும் நடையையும் பார்த்து உழைப்பையும் கணிக்கும் பெரியவர்களின் கண்பயிற்சிக்கு இணையான பயிற்சி இதிலும் உண்டு. ராசிக்கு இடமில்லை என்பதே வேறுபாடு. நான்கு பசுக்களை நிறுத்தி, ஒன்று முதல் நான்கு வரை எண் கொடுத்து, கால் மணி நேரத்தில் வரிசைப்படுத்தச் சொல்வார்கள். வரிசைக்கு 50 மதிப்பெண். ஏறக்குறைய ஒத்த இரு பசுக்களை மாற்றி வைத்தால் சிறிதே குறையும். தெளிவாக வேறுபட்டவற்றை மாற்றி வைத்தால் பெரிதும் குறையும்.

கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது. மாணவர் சில மணி நேரம் கழித்து, மாடுகள் கண்ணெதிரில் இல்லாத அறையில், நடுவர் முன் நின்று, இரண்டு நிமிடத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும். மூன்றாம் எண் பசுவை ஒன்றாம் எண்ணுக்கு மேல் வைத்தது ஏன். ஒன்றாம் எண்ணிடம் இருக்கும் எந்தச் சிறப்பை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அதன் மடி முட்டிக்குக் கீழே தொங்குவதால் ஏன் இறக்குகிறேன் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். இதற்கும் 50 மதிப்பெண். பார்த்ததை நினைவில் நிறுத்தி, எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் ஒப்புக்கொண்டு, தன் முடிவை நிலைநாட்டும் இந்தப் பயிற்சி எந்தத் தொழிலுக்குப் போகிறவருக்கும் பயன்படும். 1967 முதல் மேடிசனில் நடைபெறும் உலகப் பால்வளக் கண்காட்சியில் கல்லூரிகளுக்கிடையிலான தேசியப் போட்டி நடக்கிறது.

கண்காட்சியில் ஜெயித்த மாடு அதிகமாகக் கறக்குமா?

பலரும் கேட்கத் தயங்கிக் கடைசியில் கேட்கும் கேள்வி இது. நேரடியாகச் சொன்னால், அழகுக்கும் பாலளவுக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது. மடி நன்கு கட்டுண்டிருந்தால் பசு நீண்ட காலம் மந்தையில் நிற்கும். கால் நன்றாக இருந்தால் நடந்து தின்னும். அதற்கு மேல் எவ்வளவு கறக்கும் என்பதை நிறுத்துத்தான் அறிய வேண்டும். இதனாலேயே கல்லூரிகள் திடலோடு நிற்காமல், பால் பதிவிலும் ஈடுபட்டன. இனச் சங்கங்களின் அதிகாரபூர்வப் பதிவுக்காக ஒவ்வொரு கறவையையும் அருகிலிருந்து கண்காணிக்கும் ஆட்களைக் கல்லூரிகளே அனுப்பின. மிசௌரிப் பல்கலைக்கழக மந்தையின் மிசௌரி சீஃப் ஜோசபின் என்ற ஹோல்ஸ்டீன் பசு, 1910-11இல் ஓராண்டுக்குள் 26,861 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 12,180 கிலோ பால் தந்ததாகப் பதிவாயிற்று. இயந்திரக் கறவையும் நவீனத் தீவனமும் பரவாத காலத்து அளவு அது.

இதைவிடத் தெளிவான சான்றுகள் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அங்கே ஒரு ஹோல்ஸ்டீன் கூட்டத்தை 1964இல் இருந்த மரபுநிலையிலேயே, தேர்வு எதுவும் செய்யாமல் நிறுத்திவைத்து, பாலுக்காகத் தேர்ந்த மற்றொரு கூட்டத்தோடு ஒரே கொட்டிலில் ஒப்பிட்டுவந்தார்கள். பழைய கூட்டம் பழைய அளவிலேயே நிற்க, மற்றது அதைவிட மிக அதிகமாகக் கறக்கலாயிற்று. தீவனமும் பராமரிப்பும் ஒன்றாக இருந்ததால், வேறுபாடு மரபிலிருந்து வந்தது என்பதில் ஐயம் இல்லை.

மற்றொரு சோதனையில், 1966 முதல் பெரிய உடலுக்காக ஒரு வரிசையையும் சிறிய உடலுக்காக ஒரு வரிசையையும் தேர்ந்து வளர்த்தார்கள். பாலில் பெரிய வேறுபாடு இல்லை. மந்தையில் அதிக காலம் நிலைத்தவை சிறிய பசுக்களே. திடலில் உயரமும் பருமனும் உள்ள பசுவை மேலே வைக்கும் வழக்கம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. சான்று கையில் இருந்தும் திடல் இவ்வளவு மெதுவாகத் திருந்தியதை நான் குறையாகவே கருதுகிறேன்.

மடி பெரிதாகத் தெரியக் கறக்காமல் விட்டுவிடுவார்களாமே?

அந்தத் தவறு நடந்ததுண்டு. பால் தேங்கி மடி விம்மினால் பார்வைக்கு நன்றாக இருக்கும், பசுவுக்கு வலி. இனச் சங்கங்களின் நெறிமுறைகள் அளவுக்கு மீறித் தேக்குவதையும் மடிக்குள் எதையும் செலுத்துவதையும் தடை செய்கின்றன. பெரிய கண்காட்சிகளில் மீயொலிக் கருவியால் மடியைப் பார்க்கும் வழக்கமும் வந்துவிட்டது. மாணவர் கண்காட்சிகளில், மாடு மறுநாள் வழக்கமான கறவைக்குத் திரும்ப வேண்டிய பல்கலைக்கழக மாடு என்பதால், இந்த ஆசைக்கு இடம் குறைவு.

மந்தைக்கு நோய் வந்தால் என்ன செய்தார்கள்?

விஸ்கான்சின் மந்தையே இதற்கு எடுத்துக்காட்டு. நுண்ணுயிரியல் வல்லுநர் ஹாரி ரஸ்ஸல் 1894இல் டியூபர்குலின் ஊசி மூலம் பல்கலைக்கழக மந்தையைச் சோதித்தபோது, வெளிப்பார்வைக்கு நலமாக இருந்த பசுக்களில் பெரும்பகுதிக்குக் காசநோய் இருப்பது தெரிந்தது. அவற்றை அழிக்க நேர்ந்தது. பின்னர் விவசாயிகள் கூடிய இடங்களில், சோதனையில் சிக்கிய மாட்டை அறுத்து நுரையீரலில் உள்ள கட்டிகளைக் காட்டினார்கள். நல்ல மாட்டைக் கொல்லச் சொல்கிறார்கள் என்று எதிர்த்த விவசாயிகளின் மனத்தை அந்தக் காட்சி மாற்றியது. 1917இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கி, 1940க்குள் ஏறத்தாழ 38 லட்சம் மாடுகள் அழிக்கப்பட்டன. கண்ணுக்கு நலமாகத் தெரியும் பசுவை நம்பக்கூடாது என்று பல்கலைக்கழகம் சொல்வதற்கு முன், தன் மந்தையையே இழக்க நேர்ந்தது.

சினை ஊசி வந்த பிறகு கல்லூரிக் காளைகள் என்ன ஆயின?

படிப்படியாகக் காளைக் கொட்டில்கள் காலியாயின. ரட்கர்ஸ் பல்கலைக்கழக விரிவாக்க அலுவலர் எனோஸ் பெர்ரியின் முயற்சியால் 1938இல் நியூ ஜெர்சியில் செயற்கைக் கருவூட்டல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. விந்தை ஓரிரு நாளாவது கெடாமல் வைக்க முட்டை மஞ்சள் கருவைப் பயன்படுத்தலாம் என்பதைக் கண்டவர்கள் விஸ்கான்சினின் பால் (Paul) பிலிப்ஸும் ஹென்றி லார்டியும். கறவை இனக் காளைகள் மனிதரைக் குத்திக் கொல்லும் அளவுக்கு முரடானவை என்பதால், மாணவர்கள் நடமாடும் இடத்தில் அவை இல்லாமல் போனது பாதுகாப்புக்கும் நல்லதே. அயோவாவின் மட்டமான பசுக்கள் சொன்ன பாடத்தை, ஒரு காளையைக் கொண்டு பல ஊர் மந்தைகளில் நிறைவேற்ற முடிந்தது இதன் பிறகுதான்.

ஒரு பசுவை மாணவர்கள் விழா ராணியாகத் தேர்ந்தெடுத்தார்களாம், நிஜமா?

உண்மை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1926இல் வேளாண் மாணவர்கள் மாடின் ஆர்ம்ஸ்பி என்ற ஹோல்ஸ்டீன் பசுவை விழா ராணிப் போட்டிக்கு முன்மொழிந்தார்கள். மாணவர் தொகையைவிட அதிகமான வாக்குகள் பதிவானதால் குழப்பம் எழ, முதலில் வந்த மாணவி விலகிக்கொண்டார்; பசு ராணியாக அறிவிக்கப்பட்டு ஊர்வலத்தில் சென்றது. வளாகத்தின் நடுவிலேயே மாடுகள் வாழ்ந்த காலத்தில், பசுவின் பெயர் வேளாண் படிக்காத மாணவருக்கும் தெரிந்திருந்தது என்பதை இதிலிருந்து அறியலாம்.

நம்மவர் யாராவது அந்தக் கல்லூரிகளில் படித்து வந்திருக்கிறார்களா?

பலர் உண்டு; எல்லாரும் அறிந்தவர் வர்கீஸ் குரியன். சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்த அவர், பால் பொறியியல் படிப்பதற்கான அரசு உதவித்தொகையில் மிச்சிகன் மாநிலக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டு, 1948இல் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1949 மே மாதம் குஜராத்தில் உள்ள ஆனந்த் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். அவர் படித்த மிச்சிகன் கல்லூரி, மொரில் சட்டத்துக்கே முன்னோடியாக 1855இல் தொடங்கிய வேளாண் கல்லூரி.

இப்போது பல பல்கலைக்கழகங்கள் மந்தையை விற்றுவிட்டனவே, இனி எதற்கு?

விற்றது உண்மை, காரணங்களும் கனமானவை. நகரம் வளர்ந்து கொட்டில் வரை வந்துவிட்டது. சாணத்தை அப்புறப்படுத்தும் செலவு கூடியது. பால்வளம் படிக்கும் மாணவர்களின் எண்ணிக்கை குறைந்தது. தனியார் பண்ணைகளில் ஆயிரக்கணக்கான மாடுகளின் கணினிப் பதிவு கிடைக்கும்போது சிறு மந்தையின் பதிவு போதுமானதாக இல்லை. விஸ்கான்சினில் ஆய்வு மந்தையின் பெரும்பகுதி வளாகத்துக்கு வெளியே ஆர்லிங்டன் பண்ணையில் உள்ளது. ஆனால் 1950களில் கட்டிய சிறு கொட்டில் ஒன்று வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளப்பட்டது. அருகில், 1951இல் பாப்காக் பெயரில் திறந்த கட்டடத்தில் பாலாடைக்கட்டியும் ஐஸ்கிரீமும் செய்து விற்கிறார்கள்.

விற்றுவிட்ட இடங்களில் மாணவர்களை வாகனத்தில் ஏற்றித் தனியார் பண்ணைக்கு அழைத்துச் செல்கிறார்கள். மாடு பார்க்கக் கிடைக்கும். ஆனால் பிறர் பிழைப்பு நடத்தும் பண்ணையில் தீவனத்தை மாற்றிப் பார்க்கவோ, கிடேரியை வாரக்கணக்கில் பழக்கவோ எவரும் அனுமதிக்கமாட்டார்கள். 16 கிடேரிகளுக்கு நான்கு ஆண்டுகள் இழப்பு வரும் என்று தெரிந்தே தீவனம் போட எந்தப் பண்ணையாளரும் முன்வரமாட்டார். பெரிய மந்தை வேண்டும் என்று நான் வாதிடவில்லை. சீட்டுக் குலுக்கி ஆளுக்கொன்று கொடுக்கப் போதுமான மாடுகள் வளாகத்துக்கு நடந்துபோகும் தொலைவில் இருக்கட்டும் என்றுதான், இந்த முடிவை எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் கேட்கும்போதெல்லாம் சொல்லிவருகிறேன்.